யார் பக்கமும் இல்லாத காய்

போர்ட் பிளேருக்கு வடக்கே மாயாபந்தரில் கப்பல் சாமானை டுங்கிப் படகில் இறக்கும்போது ஒரு சதுரங்கப் பெட்டி வாய் பிளந்து, கறுப்புக் குதிரைகள் இரண்டும் கடலில் விழுந்துவிட்டன. அடியில் ஈயம் வைத்துச் செய்த காய்கள். மிதக்கவில்லை. பெட்டி, ஜெட்டிக்கு எதிரே மளிகையும் துணியும் விற்ற கீழக்கரை அலி அக்பருடையது. மதராஸிலிருந்து அவர் மச்சான் அனுப்பியது. ஆறு வாரம் காத்திருந்து வந்த பெட்டி என்பதால் மனிதர் அன்று சாப்பிடக்கூட இல்லை.

"ட்ரேசர் சார், உங்ககிட்டதான் நல்ல கத்தி இருக்கு. ரெண்டு குதிரை செதுக்கிக் கொடுத்துடுங்களேன்" என்றார்.

ட்ரேசர் என்பது திருநாவுக்கரசு. திருவாரூர்க்காரர். அப்போது இருபத்தொன்பது வயது. மெயின்லேண்டு முதலாளி ஒருவரின் மரக் கம்பெனியில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலை. ட்ரேஸிங் துணியில் மையால் கோடு இழுப்பார். தப்பான கோட்டைச் சின்னக் கத்தியால் துணி கிழியாமல் சுரண்டி எடுப்பார். அந்தக் கத்தியைத்தான் அலி அக்பர் சொன்னார். 1961-ஆம் வருஷம் அது. மாயாபந்தரில் தமிழ் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். சதுரங்கம் ஆடுகிறவர்கள் இவர்கள் இருவர்தான். மதியத் தொழுகை முடிந்து கடையைப் பாதி சாத்தியிருக்கும் நேரம், கம்பெனியிலும் சாப்பாட்டு நேரம் நீளும் நேரம், இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை ஆட்டம் நடக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது.

திருநாவுக்கரசு இரண்டு நாள் முயன்றார். குதிரை வரவில்லை. கழுத்தைச் செதுக்கினால் ஆடு மாதிரி இருந்தது, வாயைச் செதுக்கினால் நாய் மாதிரி. கடைசியில் கம்பெனிக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்த படாக் மரத்துண்டில் ஒரு நண்டைச் செதுக்கினார். சிவந்த மரம், நண்டு பொருத்தமாக அமைந்துவிட்டது.

"இந்தத் தீவுல குதிரையை யார் பார்த்தா பாய்? நண்டைத்தானே தினமும் மிதிக்கிறோம்."

அலி அக்பர் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. ஆனா நண்டு எப்படிக் குதிரை மாதிரித் தாவும்?"

அந்த ஒரு கேள்வியில் திருநாவுக்கரசின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. அன்று சாயங்காலமே நண்டுக்கு ஒரு நடை யோசித்தார். பக்கவாட்டில் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகலாம், முன்னால் ஒரே ஒரு கட்டம், பின்னால் கிடையாது. ஆடிப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. பிறகு அவருக்குக் கை ஓயவில்லை. முதலை ஒன்று செய்தார். அது தானாக நகராது, பக்கத்துக் கட்டத்தில் எதிரி வந்து நின்றால் மட்டும் பிடிக்கும், பிடித்தபின் மூன்று முறை அசையாமல் கிடக்கும். டுங்கி செய்தார். அது ஒரு சிப்பாயை முதுகில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும். வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஒரு குடியேறி செய்தார். அவன் ஒரே கட்டத்தில் ஐந்து முறை நின்றுவிட்டால் அந்தக் கட்டம் அவனுக்கே சொந்தம். ராஜாவே வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. எல்லாவற்றின் விதியையும் வரைபட எழுத்தில் அச்சுப்போல ஒரு நோட்டில் எழுதி வைத்தார். ஒவ்வொரு புதுக் காயையும் ஒரு மாதம் ஆடிப் பார்ப்பார். அதிகப் பலமான காயைத் தள்ளிவிடுவார். ஒரு சுறாவைச் செய்து, அது பத்து நகர்த்தலில் பலகையையே காலி செய்துவிடுகிறது என்று அடுப்பில் போட்டார்.

காய்கள் கூடக்கூட எட்டுக்கு எட்டுப் பலகை போதவில்லை. கம்பெனி மூலையில் கெட்டுப்போன, பழசாகிப்போன ட்ரேஸிங் துணிகள் குவிந்து கிடக்கும். 1963 மே மாதம் ஒன்றை எடுத்து வந்து, அதன் பின்பக்கத்தில் பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்று சிவப்புச் சாயம் பூசி, பசை தடவிப் பலகையில் ஒட்டினார். முன்பக்கத்தில் என்ன வரைந்திருந்தது என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மனைவி ஜெயமணி அவருக்கு எதிராக ஆடுவாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், ஆனாலும் முக்கால்வாசி நாள் அவள்தான் ஜெயிப்பாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து ஒரு காயை நகர்த்திவிட்டு மறுபடி அடுப்புக்குப் போவாள்.

*

அதற்குச் சில மாதம் முன்பு, 1963 பிப்ரவரியில் கம்பெனி காட்டுக்குள் இருந்த கேம்ப்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியது. மரம் தீர்ந்த இடங்களில் ஆட்களைக் கலைத்துக் கப்பல் ஏற்றினார்கள். ஓடையோரத்துக் கேம்ப் ஒன்றில் மட்டும் வெட்டிய மரங்களும் இழுவைச் சங்கிலிகளும் கிடந்தன. அதற்குக் காவலாக சிவஞானம் என்பவரை அனுப்பினார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம். நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை, தீவில் உறவு என்று யாரும் இல்லை.

கிளம்புவதற்கு முன் சிவஞானம் திருநாவுக்கரசின் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், என்னிய எங்கிட்டு விடுறாகன்னு இதுல காட்டுங்க."

திருநாவுக்கரசு படத்தில் விரலை வைத்தார். ஓடை வளைந்து கடலில் சேரும் இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் பன்னிரண்டு என்று எண்.

"இந்தப் புள்ளியா?"

"ஆமா."

"சின்னதாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு சிவஞானம் போனார்.

ஏப்ரலில் மேனேஜர் புதுப்படம் கேட்டார். வேலை நடக்கும் கேம்ப்களை மட்டும் காட்டவேண்டும். அவர் கொடுத்த பட்டியலில் பதினொரு எண்கள் இருந்தன. பன்னிரண்டில் மரம் வெட்டு முடிந்திருந்ததால் அது இல்லை. திருநாவுக்கரசு அந்தப் புள்ளிக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினார். அங்கே ஆள் இருக்கிறாரே என்று தோன்றியது. கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. திரும்பி வந்தபோது அடுத்த கோட்டில் இருந்தார். பட்டியலில் இல்லாததை அவர் வரையவில்லை. பழைய படம் மூலைக் குவியலுக்குப் போனது.

அந்தப் புதுப்படத்தைப் பார்த்துத்தான் ரேஷன் படகுக்குக் கேம்ப் பட்டியல் தயாரானது.

*

ஜூன் மாதம். மழை விடாமல் பெய்தது. ஒருநாள் ஆட்டம் முடிந்து காய்களை அள்ளும்போது அலி அக்பர் சிரித்தார்.

"உங்க மூலை யானையைப் பாருங்க. ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து நின்ன இடத்துலயே நிக்குது. அது இருக்கிறதே உங்களுக்கு மறந்துடுச்சு."

திருநாவுக்கரசுக்கு அது வீடு வரை கூடவே வந்தது. மறந்துபோன காயைத் தேடிப் போகிற காய் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத காய். இருவரும் ஒருமுறை நகர்த்தியபின் அது தன் பங்குக்கு ஒரு கட்டம் நகரும், இருவரில் ஒருவர் முறைவைத்து அதை நகர்த்துவார். பலகையில் எந்தக் காய் அதிக நேரம் தொடப்படாமல் நிற்கிறதோ அதை நோக்கி. போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தக் காய் போயிற்று. யார் காயாக இருந்தாலும் சரி.

ஒரு பக்கத்துப் படாக்கும் இல்லாமல் எதிர்ப்பக்கத்து வெள்ளை மரமும் இல்லாமல், கரையில் ஒதுங்கியிருந்த சதுப்புநிலக் கண்டல் மரத்தின் வேரில் அதைச் செய்தார். சாம்பல் நிறம். உருண்டைத் தலை, நேரான உடம்பு. கண் வைக்கப் போனபோது வேர் நார் நாராகப் பிரிந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

ஜெயமணி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இதுக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கல."

"வைக்க வேண்டாம்" என்றாள்.

எந்தக் காயை எத்தனை முறையாகத் தொடவில்லை என்று நினைவு வைப்பது சிரமம். அதற்காக அலி அக்பர் ஒரு சிலேட்டில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வந்தார். முதல் மூன்று வாரம் ஆட்டம் பிரமாதமாக இருந்தது. மூலையில் காயை ஒளித்து வைக்க முடியாது. எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். இதுவரை செய்ததிலேயே சிறந்த காய் இதுதான் என்று இருவருக்கும் பட்டது.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆட்டம் முடிந்தபின் அலி அக்பர் சிலேட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இது ஏன் இந்தப் பக்கம் போச்சு?"

வேர்க்காய் பலகையின் வலது மேல் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மூலையிலிருந்து ஒரு கட்டம் தள்ளி, வெற்றுக் கட்டம் ஒன்று இருந்த பக்கம். அங்கே காய் எதுவும் இல்லை. சிலேட்டின்படி அதிக நேரம் நின்றது இடதுபக்கத்து டுங்கி.

"நீங்க நகர்த்தினதுதானே?"

"கடைசியா நகர்த்தினது நான். அதுக்கு முன்னாடி நீங்க. அதுக்கும் முன்னாடி நான்."

நகர்த்தும்போது அது சரியான திசை என்றுதான் இருவருக்கும் தெரிந்தது. அதில் சந்தேகமே வரவில்லை. கோட்டை எண்ணிப் பார்த்தபோதுதான் தப்பு என்று புரிந்தது. மழைச் சத்தத்தில் கவனம் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் இன்னும் ஜாக்கிரதையாக ஆடினார்கள். வேர்க்காயை நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சிலேட்டைப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்தபோது அது முந்தின நாள் நின்றதைவிட ஒரு கட்டம் கிட்டே நின்றது. அடுத்த நாள் இன்னொரு கட்டம். வெள்ளிக்கிழமை ஆட்டம் இல்லை. சனிக்கிழமை மறுபடி ஒரு கட்டம். யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை. இருவரும் அந்த ஒரு காயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருநாவுக்கரசு எதுவும் சொல்லாமல் ஜெயமணியை ஆடக் கூப்பிட்டார். வேர்க்காயை நகர்த்தும் முறை முழுவதையும் அவளிடமே விட்டார். அவளுக்கு விதி தெரியும். அவள் தப்பு செய்கிறவள் அல்ல. அரைமணி நேரத்தில் காய் அதே பக்கம் போனது. சனிக்கிழமை நின்ற கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் போய் நின்றது.

"ஜெயமணி, அந்தக் காயை ஏன் அங்கே வச்சே?"

அவள் விரலைப் பார்த்தாள். "அங்கதானே வைக்கணும்? எங்கே வைக்கணும்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு." பிறகு பலகையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அங்க ஒண்ணுமே இல்லையே."

அன்று பகலில் அலி அக்பருடன் ஆடவேண்டாம் என்றுதான் திருநாவுக்கரசு நினைத்தார். ஆனால் இரண்டு மணிக்குக் கால்கள் கடைக்குத்தான் போயின. ஆடினார்கள். காய் காலையில் நின்ற அதே கட்டத்தில் போய் நின்றது. திங்கட்கிழமை இன்னொரு கட்டம், செவ்வாய்க்கிழமை இன்னொரு கட்டம். புதன்கிழமை ஆட்டத்தில் வேர்க்காய்க்கும் அந்த வெற்றுக் கட்டத்துக்கும் நடுவே ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த நகர்த்தலில் அது உள்ளே போயிருக்கும். அலி அக்பர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "போதும் சார்" என்றார்.

பலகையை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்து கூடத்து அலமாரி மேல் வைத்தார் திருநாவுக்கரசு. விடியும்போது மழை பலமாகி, தகரக் கூரையின் ஓட்டை வழியே தண்ணீர் பலகை மேலேயே ஒழுகியிருந்தது. பசை கரைந்து துணி கழன்றுவிட்டது. கஞ்சி போன ட்ரேஸிங் துணி வேட்டித் துணிபோலத் தொய்ந்து கிடந்தது. அதிசயமாக ஒன்பது மணிக்கு வெயில் வந்தது. ஜெயமணி துணியை அலசிக் கொடியில் போட்டாள்.

"இங்க வாங்க" என்று அவள் கூப்பிட்டபோது அவர் ஆபீஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "இதுக்குப் பின்னால என்னமோ இருக்கு."

சிவப்புச் சாயம் பாதி கரைந்திருந்தது. வெயில் துணியின் மறுபக்கத்திலிருந்து வந்தது. கட்டங்களுக்குள் ஓடைகள் தெரிந்தன, கரையோரம் தெரிந்தது, எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தன. அவர் இழுத்த கோடுகள்தாம். மை அழியாத மை. வலது மேல் ஓரத்தில், மூலைக்கு ஒரு கட்டம் தள்ளி, ஓடை வளையும் இடத்தில் ஒரு புள்ளி. பக்கத்தில் கண்ணாடி எழுத்தில் பன்னிரண்டு.

திருநாவுக்கரசு அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். சாப்பாட்டு மணி அவர் காதில் கேட்டது. ஏப்ரல் மாதத்து மணி.

"அங்க ஒரு ஆள் இருக்கார்" என்றார்.

"யாரு?"

"சிவஞானம்னு. நான்தான் அவருக்கு இடத்தைக் காட்டினேன். நான்தான் எடுத்தும் விட்டேன்."

"அப்ப ஆபீஸுக்குப் போகாதீங்க. நேரா பாய்கிட்ட போங்க. ரேஷன் மூட்டை அவர் கடையிலேர்ந்துதானே போகுது" என்றாள்.

*

அலி அக்பர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். "பதினோரு கேம்ப்தான் சார். பன்னிரண்டுன்னு ஒண்ணு ஏப்ரலுக்கப்புறம் எனக்கு வரவே இல்லை. ஆளெல்லாம் கப்பல் ஏறியாச்சுன்னுதானே சொன்னாங்க?"

மேனேஜரும் அதையேதான் சொன்னார். "ஸப் சலே கயே, எல்லாரும் போயாச்சு" என்று கையை வீசினார். "அந்த ஆளும் போயிருப்பான். நீ போய் வேலையைப் பார்."

மேனேஜரிடம் படகு கேட்டுப் பயனில்லை என்று அலி அக்பர் தனக்குத் தெரிந்த கரேன் இனத்துப் படகோட்டி ஒருவனைப் பேசிவிட்டார். அரிசி, பருப்பு, ஒரு டின் பால், கொஞ்சம் துணி எல்லாம் ஏற்றினார். பத்தரை மணிக்குக் கிளம்பினார்கள். நாலரை மணி நேரம். கடலில் அலை இருந்தது. ஓடைக்குள் நுழைந்தபின் தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் கண்டல் வேர்கள் சேற்றிலிருந்து எழுந்து நின்றன. சாம்பல் நிறம். திருநாவுக்கரசு அவற்றைப் பார்க்காமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. அலி அக்பரின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

மூன்று மணி சுமாருக்குக் கேம்ப் வந்தது. அடுக்கிய மரங்களின் மேல் கொடி படர்ந்திருந்தது. படகோட்டி படகிலேயே இருந்துகொண்டான். இவர்கள் இருவரும் சேற்றில் இறங்கி நடந்தார்கள். குடிசையின் கதவு திறந்திருந்தது. உள்ளே, வாசலைப் பார்த்தபடி, சிவஞானம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு தெரிந்தது. தாடி மார்பு வரை வந்திருந்தது. இவர்களைக் கண்டு எழவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"வந்துட்டியளா" என்றார். பிறகு இவர்களுக்கு நடுவே வெளியே எட்டிப் பார்த்தார். "அவனை முன்னாடியே அனுப்புனது நீங்கதானா?"

"யாரை?" என்றார் அலி அக்பர்.

"தெனம் வாரானே. அங்கிட்டு வேருக்குள்ள நிண்டான் மொத நாளு. மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டுனதும் வந்து நிப்பான். கூப்புட்டா பேச மாட்டான். நான் பாக்கும்போது நகர மாட்டான். மறுநாளு பாத்தா கொஞ்சம் கிட்ட நிப்பான். நிண்ட எடத்துலயெல்லாம் குச்சி நட்டுருக்கேன், பாருங்க."

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரும்போது அவர்கள் கண்ணில் படாத குச்சிகள். கண்டல் மரங்களின் விளிம்பிலிருந்து தொடங்கிக் குடிசை வாசலை நோக்கி வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. கடைசிக் குச்சி வாசற்படியிலிருந்து ஒரு கை நீளத்தில் இருந்தது. திருநாவுக்கரசு எண்ணினார். எட்டு. போன வாரச் செவ்வாயிலிருந்து முந்தின நாள் புதன் வரை அவர்கள் ஆடிய நாள்களும் எட்டுதான்.

"ஆள் எப்படி இருப்பான்?" என்று கேட்டார்.

"தெரியல சார். மூஞ்சி தெரியாது. வெயிலு பின்னாடி இருக்கும்."

"தினமும் வந்தானா?"

"நடுவுல ஒரு நாளு மட்டும் வரல. மூணாம் நாளைக்கு அடுத்த நாளு."

அலி அக்பர் மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தார். அது அவர்கள் ஆடாத வெள்ளிக்கிழமை.

சிவஞானம் பால் டின்னைக் கையில் வாங்கிக்கொண்டார். அவசரப்படாமல் குடித்தார். கடைசி ரேஷன் படகு கொடுத்த அரிசி ஆறு வாரத்தில் தீர்ந்ததாகவும் பிறகு மீனும் நண்டும் தேங்காயுமாக ஓட்டியதாகவும் சொன்னார். நீந்திப் போகலாமென்றால் ஓடையில் முதலை. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. ஒரு கட்டத்தில் தன் பேர் என்ன என்றே சந்தேகம் வந்து, மரத்தில் கரியால் எழுதி வைத்துக்கொண்டார்.

"பயமா இல்லையா, அவன் வந்தப்போ?" என்று திருநாவுக்கரசு கேட்டார்.

"மொதல்ல இருந்துச்சு. கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்." சிவஞானம் டின்னைக் கீழே வைத்தார். "அப்புறம் அவன் வரலைல்ல ஒரு நாளு, அன்னிக்குத்தான் சார் ரொம்பப் பயந்துட்டேன். இவனும் வரலைன்னா நான் இங்க இருக்கறது யாருக்குத் தெரியும்? அதுக்கப்புறம் கதவைச் சாத்தல. இன்னிக்கு உள்ள வருவான்னு காத்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

அவர்கள் அவரைக் கைத்தாங்கலாகப் படகுக்கு அழைத்துப் போனார்கள். குச்சிகளை ஒட்டித்தான் வழி. மூன்று பேரும் அவற்றைச் சுற்றிக்கொண்டு, சேறு ஆழமாக இருந்த பக்கமாக நடந்தார்கள்.

படகு கடலுக்கு வந்தபின் திருநாவுக்கரசு சொன்னார்: "சிவஞானம், படத்துல அந்தப் புள்ளியை எடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் எடுத்தேன். கேட்டிருக்கலாம், கேட்கல."

சிவஞானம் படகின் பக்கப் பலகையில் தலையைச் சாய்த்தார். "சரி" என்றார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்காததாகவும் சொல்லவில்லை. பிறகு படுத்துத் தூங்கிவிட்டார்.

*

மேனேஜர் விஷயத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டாம் என்றார். திருநாவுக்கரசு எழுதினார். இரண்டு பக்கம், வரைபட எழுத்தில், தன் தவற்றை முதலில் வைத்து. அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. ஆனால் மாதக் கடைசியில் அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் அலி அக்பரின் கடையில் சரக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதன்பின் போர்ட் பிளேரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வரைபட வேலை கிடைத்தது. அங்கே அவர் மேஜையைப் பற்றி ஒரு புகார் நிரந்தரமாக இருந்தது. ஒரு வீட்டையோ கிணற்றையோ நீக்கச் சொன்னால், அங்கே யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்டுப் பதில் வரும்வரை அந்தத் தாளைத் தொடமாட்டார்.

வேர்க்காய் என்ன ஆயிற்று என்றால், எரித்துவிடலாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். அலி அக்பர் சம்மதிக்கவில்லை.

"யாரும் நினைக்காத ஆளைத் தேடிப் போறவன் சார் அவன். அவனையே நாம ஒரு பெட்டியில போட்டு மறந்துட்டோம்னா?"

திருநாவுக்கரசு அதை அவரிடமே கொடுத்துவிட்டார். காய் கல்லாப் பலகையின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. தினமும் கடை திறந்ததும் அலி அக்பர் அதை ஒரு விரலால் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். ஹஜ்ஜுக்குப் போன மூன்று மாதமும் அந்த வேலையைத் தன் மனைவி ஜன்னத் பீவியிடம் ஒப்படைத்திருந்தார். காரணம் கேட்டவர்களிடம், தூசி தட்டுவதற்கு என்று அந்த அம்மாள் சொல்லிவிடுவாராம்.

சிவஞானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஜெட்டியில் மூட்டை தூக்கினார். ஊருக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயமணியிடம் சோறு சாப்பிட வருவார். அவள் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தாள், குதிரையும் மந்திரியும் வைத்த பழைய சதுரங்கம். ஜெயிக்கவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. எல்லாக் காய்களையும் வரிசையாக ஒருமுறை தொட்டு நகர்த்திவிட்டுத்தான் மறுபடி முதல் காய்க்கு வருவார். பதினைந்து நகர்த்தலில் தோற்றுவிடுவார். "அண்ணே, இப்படி ஆடினா எப்பவும் தோத்துக்கிட்டேதான் இருப்பீங்க" என்று அவள் சொல்வாள். "இருக்கட்டும் தாயி" என்பார்.

திருநாவுக்கரசு காய் செய்வதை நிறுத்தவில்லை. ஆமை, தேனீ, கலங்கரை விளக்கு என்று பின்னும் பதினேழு செய்தார். தன்னால் நகர்கிற காய் மட்டும் செய்யவில்லை. ஒரு முறை அப்படி ஒன்றுக்கு விதி எழுதத் தொடங்கி, மூன்றாவது வரியில் ஜெயமணி தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள் என்று தெரிந்து நோட்டை மூடினார். திரும்பிப் பார்த்தபோது அவள் வாசலில் கீரைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

1971-இல் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். சிவஞானம் காவல் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, கப்பல் ஏறப் போர்ட் பிளேருக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. திருநாவுக்கரசு அவரை அபர்டீன் பஜாரில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

"மறுபடியும் காவலா சிவஞானம்? அதுவும் அவ்வளவு தூரத்துல?"

"சிலோன்லேர்ந்து வந்த சனம் அங்கிட்டு நெறைய இருக்காம் சார். வரிசையா லயன் வீடாம். ஒரே சுவரு, இந்தப் பக்கம் இருமுனா அந்தப் பக்கம் கேக்குமாம்." சிவஞானம் இலையை மடித்தார். "அதுக்குத்தான் போறேன்."

ஜெட்டியில் கப்பல் புறப்படத் தாமதமானது. மேல்தளத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் பாய் விரித்திருந்தார்கள். ஓரத்தில் காற்றோட்டமாக இடம் காலியாகத்தான் இருந்தது. சிவஞானம் அங்கே போகவில்லை. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே கேட்டு இடம் வாங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ ஒரு பெண் தன் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு மூட்டையை அவிழ்த்தாள். அவர் கீழே திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கயிறு அவிழ்க்க நாலு மணி ஆயிற்று. அதுவரை திருநாவுக்கரசு நின்றிருந்தார். பிறகு ஜெயமணி சொல்லியிருந்த மண்ணெண்ணெயை வாங்கிக்கொண்டு, மேட்டுச் சாலையில் வீட்டுக்கு நடந்தார்.